குளிசையும் கிணற்றுத் தண்ணியும்: நைத்திரிக் ஒட்சைட்டு பற்றிச் சில செய்திகள்

1990 ஒக்டோபர் கடைசி வாரம். எருக்கலம்பிட்டிக் கடற்கரையில் வள்ளத்துக்காகக் காத்துக் கிடந்தபோது வாப்பாவின் சட்டைப்பையில் மூன்று பொருட்கள் இருந்தன. அடையாள அட்டை, தஸ்பீஹ் மணி, கபில நிறத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல். வீடு, தென்னங்காணி, ஆடுகள், உம்மாவின் தையல் மெஷின் எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. வடக்கிலிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அந்தக் கதையை இந்தச் சஞ்சிகையில் என்னைவிடத் தகுதியானவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்தப் போத்தலைப் பற்றி.

அஸர் தாண்டிய நேரம் வாப்பா மணலில் குந்தி நெஞ்சைத் தடவத் தொடங்கினார்.

"என்ன வாப்பா செய்யுது?"

"ஒண்டுமில்ல மகன். வழமையான இறுக்கம்தான்."

போத்தலைத் திறந்து கடுகை விடக் கொஞ்சம் பெரிதான வெள்ளைக் குளிசை ஒன்றை எடுத்து நாக்குக்குக் கீழே வைத்தார். இரண்டு மூன்று நிமிடத்தில் முகத்திலிருந்த நெருக்கம் இறங்கியது. பிறகு அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "நீ சயன்ஸ் வாத்தியார்தானே. குளிசை கரையிறது நாக்குக்குக் கீழ. நெஞ்சு என்னெண்டு லேசாகுது?"

எனக்குத் தெரியவில்லை. "இரத்தக் குழாயைப் பெரிசாக்குது வாப்பா" என்று மழுப்பினேன். எப்படிப் பெரிதாக்குகிறது என்பதற்கான விடை உலகத்துக்கே மூன்று வருடத்துக்கு முன்னர்தான் கிடைத்திருந்தது என்பதும், அதற்குக் காரணமான பொருளைப் பற்றி நான் வகுப்பில் கார்ப்புகை என்ற தலைப்பின் கீழ் மட்டுமே படிப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

அந்தப் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு. ஒரு நைதரசன் அணு, ஓர் ஒட்சிசன் அணு, அவ்வளவுதான். இதைவிடச் சிறிய மூலக்கூறுகள் உலகில் அதிகம் இல்லை. மின்னல் அடிக்கும்போது வானத்தில் உண்டாகும், வாகன எஞ்சினில் உண்டாகும், சிகரெட் புகையில் இருக்கும். காற்றுப்பட்டால் கபில நிற நச்சு வாயுவாக மாறும். இப்படிப்பட்ட ஒன்றை நம்முடைய உடம்பே விநாடிக்கு விநாடி உற்பத்தி செய்து, செய்தி சொல்லப் பயன்படுத்துகிறது என்று 1980க்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

வெடிமருந்திலிருந்து மருந்துக்கு

வாப்பாவின் குளிசையின் பெயர் கிளிசரில் ட்ரைநைத்திரேற்று. ஆஸ்பத்திரியில் ஜீ.டி.என். என்பார்கள். இன்னொரு பெயரைச் சொன்னால் பலர் திடுக்கிடுவார்கள்: நைத்திரோகிளிசரின். டைனமைட் செய்கிற அதே சாமான். குளிசையில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, அது வெடிக்காது. பயப்பட வேண்டாம்.

1847ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற இரசாயனவியலாளர் இதை முதலில் உண்டாக்கினார். துளியளவை நாக்கில் வைத்துப் பார்த்தபோது அவருக்குத் தலையைப் பிளக்கிற வலி வந்தது. தலையின் குருதிக் குழாய்கள் விரிந்ததால் வந்த வலி அது. ஜீ.டி.என். பாவிக்கிறவர்களுக்கு இன்றும் அந்தத் தலையிடி வரும். அல்பிரட் நோபல் அதே திரவத்தை ஒருவகை மண்ணில் ஊறவைத்து 1867இல் டைனமைட்டாக்கினார். அவருடைய தம்பி எமில் அதற்கு மூன்று வருடம் முன்பு அந்தத் திரவம் வெடித்துத்தான் இறந்துபோனார். 1879இல் வில்லியம் மரல் என்ற இலண்டன் வைத்தியர், அதை மிகவும் நீர்க்கச் செய்து நெஞ்சுவலிக்காரருக்குக் கொடுத்துக் குணம் கண்டு பத்திரிகையில் எழுதினார். டைனமைட் தொழிற்சாலைகளிலும் ஒரு வினோதம் நடந்தது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் தொழிலாளருக்குத் தலையிடி, வேலை இல்லாத நாட்களில் சிலருக்கு நெஞ்சுவலி. வாரம் முழுவதும் தோலாலும் மூச்சாலும் மருந்தை வாங்கிப் பழகிய குழாய்கள், அது நின்றதும் இறுகின.

நோபலுக்கே கடைசிக் காலத்தில் இருதய நோய். வைத்தியர்கள் அவருக்கு நைத்திரோகிளிசரினை எழுதிக் கொடுத்தார்கள். இது விதியின் விளையாட்டு என்ற கருத்துப்பட 1896இல், தான் இறப்பதற்குச் சில வாரம் முன்னர், நண்பருக்குக் கடிதம் எழுதினார். நூறு வருடம் கழித்து, அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவர்களுக்கு அவருடைய பெயரிலேயே பரிசு கிடைத்தது.

கண்டுபிடித்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு கைப்பிழை. அமெரிக்கரான ரொபர்ட் ஃபர்ச்கொட், முயலின் பெருநாடியை வெட்டிப் பரிசோதித்து வந்தவர். அசற்றைல்கோலின் என்ற பொருளை விட்டால் அவருடைய நாடித் துண்டு சுருங்கும். ஆனால் உயிருள்ள உடம்பில் அதே பொருள் குழாயை விரிக்கும். இருபத்தைந்து வருடமாக இந்த முரண்பாடு தீரவில்லை. 1978இல் அவருடைய உதவியாளர் பரிசோதனை ஒழுங்கில் ஒரு பிழை விட்டார். அன்றைக்குத் துண்டு விரிந்தது! பிழையைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஃபர்ச்கொட் ஏன் என்று தோண்டினார். வழமையாகத் துண்டைத் தயாரிக்கும்போது அதன் உட்புறம் உரசுப்பட்டு, ஒரேயொரு கலம் தடிப்பான உள்படை கழன்றுபோயிருந்தது. உள்படை கழன்றால் நாடி சுருங்கும், உள்படை இருந்தால் விரியும். சுவரில் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி யாரும் கணக்கில் எடுக்காத அந்த உள்படைதான், அகவணி என்று பாடநூலில் எழுதுவது, ஏதோ ஒரு செய்தியை வெளியே அனுப்புகிறது என்று அவர் 1980இல் எழுதினார்.

செய்தியைக் கொண்டுபோவது யார்? இதற்கிடையில் 1977இலேயே ஃபெரித் முராத், நைத்திரோகிளிசரின் உடம்பில் நைத்திரிக் ஒட்சைட்டை விடுவிக்கிறது, அதுதான் தசையை நெகிழ்த்துகிறது என்று காட்டியிருந்தார். 1986இல் ஃபர்ச்கொட்டும் லூயிஸ் இக்னாரோவும், அகவணி அனுப்புகிற மர்மச் செய்தியாளும் இதே வாயுதான் என்று ஒரே மாநாட்டில் வெவ்வேறாகச் சொன்னார்கள். 1987இல் ஹொண்டுராஸ் நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் வேலை செய்த சல்வடோர் மொன்காடாவின் குழு அதை அளந்தே நிரூபித்தது. 1998இல் ஃபர்ச்கொட், இக்னாரோ, முராத் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. மொன்காடாவை விட்டுவிட்டார்கள். அநியாயம் என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

முராத் என்ற பெயரைக் கண்டதும் நம்மவர் சிலர் அவரை முஸ்லிம் நோபல் அறிஞர் பட்டியலில் சேர்த்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய தந்தை அல்பேனிய இனத்தவர், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். மகன் வளர்ந்தது கிறிஸ்தவராக. இல்லாத உரிமையைக் கொண்டாடி நமக்கு என்ன ஆகப்போகிறது?

வாப்பாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நாடியின் உள்படைக் கலங்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தையும் ஒட்சிசனையும் சேர்த்து, ஒரு நொதியத்தின் உதவியால் நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்குகின்றன. அது வாயு என்பதால் கதவு தட்டத் தேவையில்லை, கலமென்சவ்வை ஊடுருவிப் பக்கத்திலுள்ள தசைக் கலத்துக்குள் போய்விடும். அங்கே இன்னொரு நொதியத்தைத் தூண்டிவிடும். அது சக்கர ஜீ.எம்.பி. என்ற பொருளைப் பெருக்கும். தசை நெகிழும், குழாய் விரியும். செய்தி சொன்னவரின் ஆயுள் சில விநாடி. இரத்தத்துக்குள் போனால் ஈமோகுளோபின் பிடித்து அழித்துவிடும். ஆகவே ஓரிடத்தில் சொன்ன செய்தி அந்த இடத்தோடு முடியும். ஊர் முழுக்கப் பரவாது.

நாக்குக்குக் கீழே வைப்பது ஏன் என்றால், அங்கே தோல் மெல்லியது, குருதிக் குழாய்கள் நெருக்கம். விழுங்கினால் மருந்து முதலில் ஈரலுக்குப் போகும், ஈரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாக்கடியில் கரைந்தது நேரே இருதயத்துக்கு வரும் குருதியில் சேர்ந்து, குழாய்ச் சுவரில் நைத்திரிக் ஒட்சைட்டாக மாறும். முக்கியமாக நாளங்கள் விரிந்து, இருதயத்துக்குத் திரும்பும் குருதியின் அளவு குறையும். இருதயத்துக்குப் பாரம் குறையும். அடைப்பு அப்படியேதான் இருக்கும், பாரம்தான் குறையும். வாப்பாவுக்குக் கடற்கரையில் நடந்தது அது.

குளிசை வைத்திருக்கும் வீட்டுக்காரருக்குச் சில விசயம். இதை எழுதாமல் விட்டால் கட்டுரை எழுதியதில் அர்த்தமில்லை. இந்தக் குளிசை காற்றில் பறந்துபோகும் தன்மை கொண்டது. கடதாசியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் மற்றக் குளிசைகளோடு போட்டுவைத்தால் வெறும் மாவுதான் மிஞ்சும். கண்ணாடிப் போத்தலிலேயே இறுக்கி மூடி, வெயில்படாமல் வைக்க வேண்டும். திறந்து எட்டு வாரமானால் புதிது வாங்க வேண்டும். மன்னார் வெக்கையில் இது இன்னும் கண்டிப்பு. குளிசையை வைக்கும்போது இருந்துகொண்டு வைக்க வேண்டும். நின்றால் தலைசுற்றி விழலாம். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் மூன்றாவது நான்காவது குளிசை என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். சுவசெரிய அம்புலன்சின் இலக்கம் 1990. எங்களுக்கு அந்த இலக்கத்தைச் சொல்லும்போதெல்லாம் வேறொன்று ஞாபகம் வரும், பரவாயில்லை, அதனாலேயே மறக்காது.

அடுத்தது வெட்கத்தால் யாரும் பேசாத ஒன்று. வயாகரா என்று விற்கிற சில்டெனஃபில் குளிசையும் இதே பாதையில்தான் வேலை செய்கிறது. நைத்திரிக் ஒட்சைட்டு பெருக்கிய அந்தச் சக்கர ஜீ.எம்.பி.யை அழியவிடாமல் தடுக்கிறது. அதை எடுத்தவர் ஒரு நாளைக்குள் ஜீ.டி.என். வைத்தால் பிரஷர் சடாரென்று இறங்கி உயிர் போகலாம். ததலாஃபில் என்றால் இரண்டு நாள். மனைவிக்கும் வைத்தியருக்கும் சொல்லாமல் கடையில் வாங்கி விழுங்குகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வைத்தியர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

நோன்புக் கேள்வியும் ஒவ்வொரு றமழானிலும் வரும். வாப்பா நோன்போடு நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொண்டு இருந்த நாட்கள் உண்டு. "நோன்பு முறிஞ்சிடும் மகன்" என்பார். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நெஞ்சுவலிக்காக நாக்கின் கீழ் வைக்கும் குளிசை, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் தவிர்த்தால், நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. அது வந்த நேரம் வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். விரிவான விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு நோன்பை விடும் சலுகை எப்படியும் இருக்கிறது.

நாடியின் உள்படை

மூத்தாப்பா சிறுவனாக சிலாவத்துறை முத்துக்குளிப்பைப் பார்த்தவர். அரசாங்கம் நடத்திய கடைசிக் குளிப்பு 1925. அரிப்பில் பிரெடரிக் நோர்த் தேசாதிபதி முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குவதற்குக் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்னும் கடலோரம் நிற்கிறது. கீழக்கரை மரைக்காயர்கள், தமிழர்கள், அரபிகள் எல்லோரும் குளிக்க வருவார்களாம். அரபிகள் மூக்கில் கொம்பினால் செய்த கவ்வி போடுவார்கள், நம்மவர் விரலாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லோடு இறங்குவார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் கீழே.

மூச்சைப் பிடித்து இறங்கும்போது இருதயத் துடிப்புக் குறையும், கைகால் நாடிகள் இறுகும், இருக்கிற ஒட்சிசன் மூளைக்கும் இருதயத்துக்கும் சேமிக்கப்படும். மேலே வந்ததும் நாடிகள் மறுபடி திறக்க வேண்டும். அடைபட்ட குருதி பாயத் தொடங்கியதும் அதன் உராய்வை உணர்ந்து உள்படை நைத்திரிக் ஒட்சைட்டை விடுவதும் அந்தத் திறப்பில் ஒரு பங்கு. இதே சங்கதியை இன்று ஆய்வுகூடத்தில் கையில் பிரஷர்ப் பட்டியை ஐந்து நிமிடம் இறுக்கி, விட்டதும் நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கான் பண்ணி அளக்கிறார்கள். ஆரோக்கியமானவரின் நாடி நன்றாக விரியும். சிகரெட் குடிப்பவர், சீனி வியாதிக்காரர், கொலஸ்ட்ரோல் கூடியவர் ஆகியோரில் விரிவு குறைவு. நெஞ்சுவலி வருவதற்குப் பல வருடம் முன்பே இது தெரிந்துவிடும்.

உள்படை கெடுவது எப்படி? கூடிய சீனியும் புகையும் உடம்பில் சுப்பரொட்சைட்டு என்ற வேகம் பிடித்த ஒட்சிசன் வடிவத்தைப் பெருக்குகின்றன. அது நைத்திரிக் ஒட்சைட்டைக் கண்ட இடத்தில் பிடித்து நச்சுப் பொருளாக்கிவிடும். செய்தி போய்ச்சேராது. குழாய் இறுகும், பிரஷர் ஏறும், கொழுப்புப் படியும். மாறாக, வேகமாக நடந்தால் குருதி உரசி ஓடும், உள்படை கூடுதலாக உண்டாக்கும். சுபஹுக்குப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போகாமல் நடந்து போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். யாரும் கேட்பதாக இல்லை.

கூடினால் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. கிருமி குருதியில் பரவிய நோயாளிக்கு உடம்பு அளவுக்கு மிஞ்சி இந்த வாயுவை உண்டாக்கி, குழாய்கள் எல்லாம் தளர்ந்து பிரஷர் விழுந்துவிடும். அப்படியானால் உற்பத்தியை அடைத்தால் பிழைப்பார்கள் என்று எண்ணி ஒரு மருந்தைப் பெரிய அளவில் பரிசோதித்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் மரணம் கூடியது. இடையிலேயே நிறுத்தினார்கள். பிறந்தவுடன் சுவாசப்பைக் குழாய்கள் திறக்காமல் தவிக்கும் குழந்தைக்கு மட்டும் பத்து இலட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் இதே வாயுவை மூச்சில் கலந்து கொடுக்கிறார்கள். அது பலரைப் பிழைக்க வைக்கிறது.

நாக்கின் பற்றீரியாவும் மிஸ்வாக்கும்

உள்படை உண்டாக்குவது ஒரு வழி. இன்னொரு வழி வாயில் தொடங்குகிறது. கீரை, பீற்றூட் போன்றவற்றில் நைத்திரேற்று இருக்கிறது. சாப்பிட்டால் அது குருதியில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பி அதைப் பொறுக்கியெடுத்துச் செறிவாக்கி மறுபடி வாய்க்கே அனுப்பும். நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக மாற்றும். அதை நாம் விழுங்குகிறோம், வயிற்றிலும் குருதியிலும் அது நைத்திரிக் ஒட்சைட்டாகிறது. நம் உடம்பிலுள்ள கலங்களுக்கு இந்த முதல் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. அந்தச் சின்ன உயிர்களை நம்பித்தான் இருக்கிறோம். பிரஷர்க்காரர் தினம் 250 மில்லிலீற்றர் பீற்றூட் சாறு நான்கு வாரம் குடித்தபோது மேல் அளவு ஏறத்தாழ 8 புள்ளி இறங்கியதாக 2015இல் இலண்டன் குழுவொன்று காட்டியது. அதே குழு 2013இல், குளோர்ஹெக்சிடின் போட்ட கிருமிநாசினி மருந்தால் ஒரு வாரம் வாய் கொப்பளித்த 19 ஆரோக்கியமானவர்களில் பிரஷர் 2, 3 புள்ளி ஏறியதைக் கண்டது. பற்றீரியா செத்ததுதான் காரணம்.

இந்த இடத்தில்தான் வாட்ஸ்அப் அறிஞர்கள் புறப்படுகிறார்கள். மிஸ்வாக் குச்சியில் நைத்திரேற்று இருப்பது உண்மை, 2000ஆம் ஆண்டே இரசாயன ஆய்வில் கண்டார்கள். அந்த மரம், தமிழில் உகாய், நம்முடைய வரண்ட கரையோரத்திலும் வளர்கிறது. உமிழ்நீரை ஊறவைக்கிறது, பல்லுக்கும் முரசுக்கும் நல்லது. ஆனால் மிஸ்வாக் செய்தால் பிரஷர்க் குளிசை தேவையில்லை என்று எழுதுவதற்கு இது போதாது. சுன்னத்தைச் சுன்னத்தாகச் செய்வதற்கு மில்லிமீற்றர் கணக்கு எதற்கு?

மூக்கின் கதையும் அப்படியே. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் இந்த வாயு நிறைய உண்டாகிறது, மூக்கால் மூச்செடுத்தால் அது சுவாசப்பைக்குப் போய் ஒட்சிசன் ஏறுவதற்கு உதவும். வாயை மூடி முனகினால் மூக்கிலிருந்து வெளிவரும் அளவு 15 மடங்கு கூடுகிறது என்று 2002இல் சுவீடன் ஆய்வாளர் இருவர் அளந்தார்கள். குர்ஆன் ஓதும்போது வரும் குன்னாவும் மூக்கொலிதான் என்பதால் எனக்கு அது சுவாரசியமாக இருந்தது. சுவாரசியம் என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் மச்சான் ஒருவர் பீற்றூட் செய்தியைப் படித்துவிட்டு, குளிசையை நிறுத்திச் சாறு மட்டும் குடித்தார். மூன்றாவது மாதம் ஒரு பக்கம் வாய் கோணி ஆஸ்பத்திரியில். இப்போது தேறிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ், இடது கை மட்டும் இன்னும் சரியில்லை. 8 புள்ளி இறங்குவது குளிசையோடு சேர்த்து நல்ல உதவி. 180இல் நிற்கிறவருக்கு அது குளிசைக்குப் பதில் ஆகாது.

கற்பிட்டிக் கிணறு

இனி எழுதப்போவதை நான் முப்பது வருடமாக எழுதாமல் வைத்திருந்தேன்.

வள்ளம் எங்களைக் கற்பிட்டியில் இறக்கியது. ஓலைக்கொட்டில், ஒரு கிணறு, அதைச் சுற்றி வெங்காயமும் மிளகாயும் போட்ட தோட்டங்கள். மகளுக்கு அப்போது இரண்டு மாதம். வந்த அலைச்சலில் மனைவிக்குப் பால் வற்றிவிட்டது. உதவிக்குக் கிடைத்த பால்மாவைக் கிணற்றுத் தண்ணியில் கரைத்துக் கொடுத்தோம். கொதிக்க வைத்துத்தான் கொடுத்தோம். சயன்ஸ் வாத்தியார் அல்லவா, கிருமி சாக வேண்டும் என்று நன்றாகவே, நெடுநேரம் கொதிக்க வைத்தேன். ஒரு நாள் பக்கத்துத் தோட்டக்காரக் கிழவி ஒருத்தி பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிய பச்சப்பிள்ளைக்கி குடுக்காதீங்க வாத்தியார், இது பசளத் தண்ணி" என்றாள். படிக்காத மனுசி என்று நினைத்துக்கொண்டேன்.

கற்பிட்டிக் குடாநாடு மணல். அந்த மணலுக்கடியில் கடல்நீரின் மேல் நன்னீர் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. விவசாயி யூரியா போடுகிறார், மண்ணின் பற்றீரியா அதை நைத்திரேற்றாக்குகிறது, நைத்திரேற்றை மணல் பிடித்து வைக்காது, பாய்ச்சின தண்ணியோடு கீழே இறங்கும். இறங்கியதை அதே கிணற்றால் இறைத்து மறுபடி அதே தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறோம், மறுபடி பசளை போடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. கற்பிட்டியின் தோட்டக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்து வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது நாங்கள் போய் இறங்குவதற்கு முன்பே.

பீற்றூட்டில் நல்லதாக இருந்த நைத்திரேற்று கிணற்றில் ஏன் கெட்டது? பொருள் ஒன்றுதான். குடிக்கிற ஆள்தான் வேறு. நைத்திரைற்று ஈமோகுளோபினைத் தாக்கினால் அதிலுள்ள இரும்பு மாறி, ஒட்சிசனைச் சுமக்க ஏலாத மெதமோகுளோபின் ஆகும். பெரியவர் உடம்பில் அதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதியம் போதியளவு இருக்கிறது. கைக்குழந்தையில் அது ஏறத்தாழப் பாதி. குழந்தையின் வயிற்றில் அமிலமும் குறைவு, ஆகவே பற்றீரியா அங்கேயே வளர்ந்து நைத்திரைற்றை உண்டாக்கும். கணக்கும் பார்ப்போம். லீற்றருக்கு 100 மில்லிகிராம் உள்ள தண்ணியில் கரைத்த பாலை, 5 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர் குடித்தால், கிலோவுக்கு 15 மில்லிகிராம். அந்த இலண்டன் ஆய்வின் சாற்றில் இருந்தது சுமார் 400 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு அது கிலோவுக்கு 7கூட இல்லை.

குழந்தையின் உதடும் நகமும் சாம்பல் கலந்த நீலமாகும். குருதியை எடுத்தால் சொக்லட் நிறத்தில் இருக்கும். நீலக் குழந்தை நோய் என்பார்கள். அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் கொம்லி என்ற வைத்தியர் 1945இல் கிணற்றுத் தண்ணிக்கும் இதற்கும் உள்ள தொடர்பை முதலில் எழுதினார். நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மெதிலீன் நீலம் என்ற மருந்து இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது இது: கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணி ஆவியாகிப் போகும், நைத்திரேற்று மிஞ்சிச் செறிவாகும். நெடுநேரம் கொதிக்க வைத்த நான் கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறேன். துணி வடியும் சாதாரண வடிகட்டியும் எடுக்காது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை, தாய் அந்தத் தண்ணியைக் குடித்தாலும் பாலில் நைத்திரேற்று பெரிதாகக் கூடுவதில்லை.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிழவி சொன்னது சரி என்று 1994இல் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது அறிந்தேன். தேடிப் போனபோது அவள் வேறிடம் போயிருந்தாள்.

2009க்குப் பிறகு நாங்களும் பலரும் மன்னாருக்குத் திரும்பினோம். தீவும் மணல்தான், நன்னீரும் அதேபோல மெல்லிய படைதான். இங்கே தோட்டப் பசளையைவிட எனக்குக் கவலை மலசலகூடக் குழி. காணி சின்னதாகி, வீடுகள் நெருங்கி, ஒரு வீட்டின் குழியும் அடுத்த வீட்டின் கிணறும் சில பாக தூரத்தில் இருக்கின்றன. குழியிலிருந்து இறங்குவதும் கடைசியில் நைத்திரேற்றுத்தான். கிணற்றுத் தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிவாக, இனிப்பாக இருக்கும். நாக்குக்குத் தெரியாது.

மகள் இப்போது தாராபுரத்தில் இருக்கிறாள், அவளுக்குப் போன மாதம் மூன்றாவது பிள்ளை. நாற்பதுக்குப் போனபோது நான் முதலில் பார்த்தது கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரத்தை. "வாப்பா பிள்ளையப் பாக்க வந்தீங்களா, கிணத்தப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். பொது சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, நைத்திரேற்றும் சேர்த்துப் பார்க்கச் சொல்லித் தண்ணி மாதிரியைக் கொடுத்திருக்கிறேன். கிருமி மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணி நல்லது என்று சொல்லிவிடுவார்கள், ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். முடிவு வரும்வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும், மூத்ததுகளுக்குக் குழாய்த் தண்ணி.